உப்பளம் மறைத்த கடல்

திண்டிவனம் சப்-கலெக்டர் அலுவலக வராந்தாவில் ஜகபர் சாதிக் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு இடத்துல இருங்க. உங்களப் பாத்தா எனக்குத் தலை சுத்துது," என்றாள் ரிஸ்வானா.

"உனக்கென்னா, மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துகினு கடலப் பாக்கறவ. அங்க தாய் இறாலுங்க தீனி எடுக்காம சுருண்டு கெடக்குது. தொட்டித் தண்ணி பழசாயிடுச்சு. நாளைக்குள்ள புதுத் தண்ணி ஏத்தலன்னா மொத்தமும் போச்சு."

ரிஸ்வானா மடிக்கணினிப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

துபாயில் உழைத்ததையெல்லாம் கொண்டுவந்து மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரத்தில் கொட்டியவன் ஜகபர். இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை. ஊர் வழக்கில் ஹேச்சரி. அதை ஒட்டிய வேலாங்குப்பத்துக் கரையில் போன மாதம் மீன்கள் செத்துக் குவிந்தன. 'ஹேச்சரிக் கழிவுதான் விஷம்' என்றது குப்பம். மோட்டார் அறைக்கும் கழிவு வாய்க்காலுக்கும் சீல் விழுந்தது. தாய் இறாலுக்குக் காற்று ஊதும் சின்ன பம்பு மட்டும் ஓடலாம். கடல் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது.

அந்தச் சீலுக்குப் பின்னால் ஓர் அறிக்கை இருந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடலின் ஆக்ஸிஜனைக் கணிக்கும் ஒரு கணினி மாடல், 'அந்த வாரம் அங்கே ஆக்ஸிஜன் குறையவில்லை' என்று சொல்லியிருந்தது. மூச்சு முட்டிச் சாகவில்லை என்றால் விஷம்தானே?

சென்னையில் ஒரு கடல் ஆய்வு நிறுவனத்தில் அந்த மாடலைக் கட்டியவர்களில் ரிஸ்வானாவும் ஒருத்தி. சொந்த அண்ணனின் பண்ணைக்குத் தங்கையின் மாடலே பூட்டுப் போட்டிருந்தது.

மாடல் எங்கே சறுக்கியது என்று அலைந்தவளால், போன வாரம் மரக்காணம் உப்பள வரப்பில் உச்சி வெயிலில் நின்றபோது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான்!" என்று கத்தினாள். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

"ஜகபர் சாதிக்! உள்ள வாங்க!" என்று டவாலி கூப்பிட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் சப்-கலெக்டர் சூர்யகலா. இந்தப் பக்கம் வேலாங்குப்பத்து ஊர்த்தலைவர், நாட்டார் ராஜாங்கம், தோளில் துண்டும் முகத்தில் கடுகடுப்புமாக.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் சூர்யகலா.

ரிஸ்வானா மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.

"செயற்கைக்கோளால ஆக்ஸிஜனை நேரா பாக்க முடியாது மேடம். கடலோட நிறம், சூடு, காத்து, இதைத்தான் அது பாக்கும். பச்சை ஏறினா பாசி பெருகியிருக்குன்னு அர்த்தம். அந்தப் பாசி செத்து அடியில அழுகும்போது தண்ணியில இருக்கற ஆக்ஸிஜன் காலியாயிடும். அப்புறம் தெற்குக் காத்து விடாம அடிச்சா, மேல் தண்ணி கடலுக்குள்ள தள்ளிப் போகும். அடித் தண்ணி கரைக்கு ஏறி வரும். மூச்சில்லாத தண்ணி. மீன் அதுல மாட்டிக்கும்."

"இதைப் போன தடவை உங்க மாடல் ஏன் சொல்லல?"

"மரக்காணம் உப்பளம்தான் காரணம் மேடம்."

ராஜாங்கம் துண்டை உதறினார். "கேட்டீங்களாம்மா? மொதல்ல கடல் நல்லாருக்குதுன்னு ஒரு படம். இப்ப அண்ணன் மாட்டிக்கினதும் உப்பு மேல ஒரு படம். இன்னா இது, சினிமா கொட்டாயா?"

"நாட்டாரே, அவங்க முடிக்கட்டும்."

"உப்பு வெயில்ல பளபளன்னு மின்னுது. மேலேர்ந்து பாக்கறப்ப அந்த வெளிச்சம் பக்கத்துக் கடல் மேலயும் சிதறுது. படத்துல கரையோரமா இருந்த கட்டங்களை எல்லாம் 'இது கடலே இல்ல'ன்னு எங்க புரோகிராம் தூக்கிப் போட்டுடுச்சு. காலியான எடத்துல தூரத்துக் கடலோட கணக்க வச்சி ரொப்பிடுச்சு. தூரத்துக் கடல் சுத்தமாத்தான் இருந்தது. ஓரம் செத்துக்கினு இருந்தது. நாங்க யாரும் கவனிக்கல."

ரிஸ்வானா அடுத்த படத்தைத் திறந்தாள்.

"மழை மாசத்துல உப்பளம் தண்ணியில முழுகிடும். மின்னாது. அந்தப் படங்களையும் வெயில் மாசத்துப் படங்களையும் ஒப்பிட்டு, உப்போட வெளிச்சம் எவ்வளவுன்னு கண்டுபிடிச்சுக் கழிச்சேன். அந்த வெளிச்சத்துக்கு அடியில இருந்த கடல் வெளிய வந்துச்சு. இதோ."

திரையில் மரக்காணத்துக் கரையை ஒட்டி ஒரு பச்சை நாக்கு நீண்டு கிடந்தது. மீன்கள் செத்த அதே வாரம்.

சூர்யகலா அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்பணும்னு தோணுது. ஆனா இவர் உங்க அண்ணன். இந்தத் திருத்தத்தை உங்க நிறுவனம் இன்னும் ஏத்துக்கல. இதை மட்டும் வச்சு நான் சீலை எடுத்தா, நாட்டார் என்னைச் சும்மா விடுவாரா?"

"விட மாட்டேன்," என்றார் ராஜாங்கம். "எங்க மீனைப் பாண்டிச்சேரில ஒருத்தன் தொடறதில்ல தாயி. வெஷ மீனுங்கறான். கூடையத் தூக்கினு போன பொம்பளைங்க அப்படியே திரும்பி வராளுங்க. இவங்களுக்குப் பண்ணை. எங்களுக்கு அடுப்பு எரியறதே அந்த மீனாலதான்."

அந்தக் குரலில் பொய் இல்லை. ரிஸ்வானாவுக்கே தெரிந்தது.

"அப்போ நடந்து முடிஞ்சத நம்ப வேணாம் மேடம்," என்றாள். "நடக்கப் போறதப் பாருங்க."

"புரியல."

"இன்னைக்கு மத்தியானம் அடித் தண்ணி மறுபடியும் ஏறும்னு திருத்தின மாடல் சொல்லுது. மொதல்ல தொடப் போறது கீழ்மேட்டுக்குப்பம். ஹேச்சரிக்குத் தெற்கே. இப்ப நீரோட்டம் வடக்கே போகுது. ஹேச்சரி சீல்ல இருக்கு, அப்படியே இல்லன்னாலும் அதோட தண்ணி ஓட்டத்தை எதிர்த்துத் தெற்கே ஏறாது. அரசாங்க மீட்டரைக் கொண்டாங்க. நீங்களே அளந்து பாருங்க."

சூர்யகலா ராஜாங்கத்தைப் பார்த்தார்.

"ஓட்டம் வடக்கத்தான் போவுது," என்று அவர் முனகினார். "அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"அளவு குறையலன்னா?" என்று கேட்டார் சூர்யகலா.

"சீல் அப்படியே இருக்கட்டும். இந்த மாடலைப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றாள் ரிஸ்வானா.

வெளியே வந்ததும் ஜகபர் அவள் கையை இறுக்கிப் பிடித்தான்.

"ஏய், என் பண்ணைய வச்சி சூதாடறியா நீ?"

"வேற வழி இருந்தா சொல்லுங்கண்ணே."

அவன் பிடியை விட்டான். அதற்குள் அவள் போன் அடித்தது. அம்மா பல்கீஸ் பீவி. சீல் விழுந்த நாளிலிருந்து ஹேச்சரியிலேயே படுக்கை, ஹேச்சரியிலேயே தொழுகை.

"என்னாடி ஆச்சு?"

"மத்தியானம் வரைக்கும் பொறுங்கம்மா."

"நான் பொறுக்கறேன். இறாலுக்கு யாரு சொல்றது? நீ வந்து சொல்லு."

போன் கட்டானது.

விழுப்புரத்திலிருந்து மீட்டரோடு கிளம்பிய ஜீப் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. கீழ்மேட்டுக்குப்பத்துக் கரையில் எல்லோரும் காத்திருந்தார்கள். சூர்யகலா கார் நிழலில் நின்றார். ராஜாங்கம் ஒரு கவிழ்த்துப்போட்ட படகின் மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"விக்கிரவாண்டி டோல்கேட்ல மாட்டிக்கினு இருக்காங்களாம்," என்றான் ஜகபர், நகத்தைக் கடித்துக்கொண்டே.

தெற்குக் காற்று ரிஸ்வானாவின் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அடி, நல்லா அடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜீப் வந்தது. மீன்வளத் துறை இளைஞன் பிரவீன்குமார் நீண்ட கேபிளும் கருவியுமாக இறங்கினான். அவனையும் ரிஸ்வானாவையும் ஏற்றிக்கொண்டு ஃபைபர் படகு அலையைத் தாண்டியது. ராஜாங்கமே இன்ஜினைப் பிடித்திருந்தார். "என் கண்ணால பாக்கணும்," என்று சொல்லி ஏறிக்கொண்டவர்.

கருவி கடலடிக்கு இறங்கியது.

"ஆக்ஸிஜன் ஆறுக்குப் பக்கம் இருந்தா மீன் சுகமா இருக்கும். ரெண்டுக்குக் கீழ போனா திணறும்," என்றாள் ரிஸ்வானா.

பிரவீன்குமார் எண்ணைப் படித்தான். "அஞ்சு புள்ளி ஒன்பது."

ராஜாங்கம் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து பிரவீன்குமார் மறுபடியும் படித்தான். "அஞ்சு புள்ளி எட்டு."

வெயில் மண்டையைப் பிளந்தது. எண் அங்கேயே நின்றது.

"என்னா பாப்பா," என்றார் ராஜாங்கம். "ஒன் தண்ணியும் டோல்கேட்ல மாட்டிக்கிச்சா?"

பிரவீன்குமார் சிரிப்பை அடக்கினான். ரிஸ்வானா மீட்டரையே பார்த்தாள். உப்பின் வெளிச்சத்தை அதிகமாகக் கழித்துவிட்டேனா? இல்லாத பச்சையை நானே வரைந்துவிட்டேனா? அண்ணனைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் கண் பொய் சொல்லிவிட்டதா? கரையில் ஜகபர் இரண்டு கையையும் தலையில் வைத்தபடி நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

"திருப்பட்டுமா?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"கொஞ்ச நேரம். ப்ளீஸ்ணே."

அவர் தோளைக் குலுக்கினார். முகம் கழுவ ஒரு கை தண்ணீரை அள்ளியவர், அப்படியே நின்றுவிட்டார். மறுபடியும் கையை விட்டார். முழங்கை வரை.

"சில்லுனு இருக்குதே."

ரிஸ்வானா பாய்ந்து போய்த் தன் கையையும் நுழைத்தாள். பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்தது. அடியில் கிடந்த கடல் மேலே வந்துகொண்டிருந்தது.

"நாலு புள்ளி ரெண்டு!" என்று கத்தினான் பிரவீன்குமார். "மேடம், எறங்குது! மூணு புள்ளி எட்டு... மூணு..."

கேபிளைப் பிடித்தபடியே அவன் தொடர்ந்து படித்தான்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு. ஒண்ணு புள்ளி ஆறு. ஒண்ணு புள்ளி மூணு!"

கரையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. நண்டுகள். பட்டப்பகலில், மனிதர்கள் நிற்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல், ஈர மணலில் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தன. பின்னாலேயே நாக்கு மீன்கள் அலை விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. கீழ்மேட்டுக்குப்பத்துப் பெண்கள் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

சப்-கலெக்டர் சூர்யகலா புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார். படகு கரை தட்டியதும் மீட்டரைத் தன் கையிலேயே வாங்கிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"வி.ஏ.ஓ.வா? ஹேச்சரியிலதானே இருக்கீங்க? சீலை எடுத்துடுங்க. ஆமா, இப்பவே. ஆர்டர் நான் சாயங்காலத்துக்குள்ள அனுப்பறேன்."

ஜகபர் தங்கையைத் தூக்கிச் சுற்றாத குறை. "ஏ ரிஸ்வானா! ஏ ரிஸ்வானா!" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பைக்கை உதைத்தான். மணலைக் கிளப்பிக்கொண்டு வடக்கே பறந்தான்.

ராஜாங்கம் யாருக்கோ போன் போட்டு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"யோவ் அந்தோணிசாமி! பாண்டிச்சேரி மார்க்கெட்டு பூரா சொல்லு. வெஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. மூச்சு முட்டிச் செத்த மீனுய்யா! நம்ப மாட்டியா? சப்-கலெக்டரம்மா பக்கத்துலயே முழங்கால் தண்ணில நிக்கறாங்க, பேசறியா? ஆங், அப்டி வா வழிக்கு!"

போனை இடுப்பில் செருகியவர் ரிஸ்வானாவிடம் வந்தார். கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெஷம்னு மொதல்ல சொன்னது நான்தான் பாப்பா. ஊரே கேட்டுச்சு. இல்லன்னும் நானே சொல்லிக்கறேன்."

"உங்க மேல தப்பில்லண்ணே. எங்க படம் அப்படித்தான் காட்டுச்சு."

அவளுக்குச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. மடிக்கணினியைத் திறந்து அடுத்த சில மணி நேரத்துக்கான வரைபடத்தை ஓட்டினாள். அளந்த எண்ணும் கணித்த எண்ணும் கையோடு கை கோத்துப் போயின. இத்தனை வருட வேலையில் அவள் பார்த்ததிலேயே அழகான இரண்டு கோடுகள்.

அப்புறம் வரைபடத்தில் பச்சை நாக்கு வடக்கே நகர்ந்தது. நகர்ந்து, ஓர் இடத்தைத் தொட்டது.

அவள் சிரிப்பு அப்படியே உறைந்தது.

ஹேச்சரி. அண்ணன் கடல் தண்ணீர் இழுக்கும் குழாயின் வாய்.

சீல் உடைந்ததும் அவன் செய்யப்போகும் முதல் வேலை என்ன? மோட்டாரைப் போடுவான். இந்தச் செத்த தண்ணீரை இழுத்துத் தாய் இறால் தொட்டியில் கொட்டுவான்.

அண்ணனுக்குப் போன் அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். அம்மாவுக்கு அடித்தாள். அதுவும் மணி போய்க்கொண்டே இருந்தது.

"ராஜாங்கம் அண்ணே! வண்டி இருக்கா?"

அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் முகமே போதுமாயிருந்தது. மீன் ஏற்றும் 'குட்டியானை' வேனின் கதவைத் திறந்தார். பின்னால் பிரவீன்குமார் மீட்டரோடு தொற்றினான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் குட்டியானை குதித்துக் குதித்துப் பறந்தது.

"ஜல்தி போங்கண்ணே!"

"இதுக்கு மேல போனா டயரு நமக்கு முன்னால போயிடும் பாப்பா!"

வேலாங்குப்பம் வந்தது. ஹேச்சரி கேட் விரியத் திறந்து கிடந்தது. ரிஸ்வானா வண்டி நிற்கும் முன்பே குதித்து ஓடினாள். காது மோட்டார் சத்தத்தைத் தேடியது.

சத்தம் இல்லை.

மோட்டார் அறை வாசலை மறித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பல்கீஸ் பீவி, முக்காடும் தானுமாக, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜகபர் கும்பிடாத குறையாக நின்றான்.

"அண்ணே! போட்டுட்டீங்களா?"

"எங்க போட வுட்டாங்க! நீயே கேளு இந்தப் பேஜாரை."

"எதுக்குடா போடறது?" என்றாள் பல்கீஸ் பீவி. "இவ கணக்கால பூட்டுன பண்ணை. இவ கணக்காலதான் தொறந்துச்சு. இவ கைதான் மொதல்ல சுவிட்சுல படணும். இவ வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கு இந்தக் குதி குதிக்கறான். போன் வேற மாத்தி மாத்தி அடிச்சிக்கினு இருந்துச்சு, எழுந்தா உள்ள பூந்துடுவான்னு எடுக்கவே இல்ல."

ரிஸ்வானா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என்னாடி இவ, பைத்தியக்காரி மாதிரி. எழுந்துரு. போடு சுவிட்ச."

"போடக் கூடாதும்மா. இன்னைக்குப் போடவே கூடாது."

பிரவீன்குமார் குழாயின் வாயருகே கருவியை இறக்கி, எண்ணை ஜகபரிடமே காட்டினான். ஒன்றரைக்கும் கீழே. ஜகபர் அதைப் பார்த்தான். தொட்டிகளைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இதையா உள்ள இழுக்கப் பாத்தேன்..."

பல்கீஸ் பீவி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல இந்த வூட்ல," என்றாள். அத்தனை கலவரத்திலும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ராஜாங்கம் உட்பட.

சிரிப்பு அடங்கியதும் அவர்தான் முன்னால் வந்தார். துண்டைத் தோளிலிருந்து கைக்கு மாற்றியிருந்தார்.

"பாப்பா. இந்தத் தண்ணி எங்க நிக்குது, எப்ப நகருதுன்னு தெரியாம வலை போட்டா செத்த மீனுதான் வரும். மறுபடியும் மார்க்கெட்ல வெஷம்பான். ஊர்ல சொல்லிடறேன். நாளைக்கு எந்தப் பக்கம் போவணும்னு நீ சொல்ற வரைக்கும் வேலாங்குப்பத்துப் போட்டு ஒண்ணும் தொழிலுக்கு எறங்காது. இது ஊர்க் கட்டுப்பாடு."

மீறினால் குப்பத்தில் பேச்சுவார்த்தையே அறுந்துபோகும் கட்டுப்பாடு. அதை அவர் கோட்டக்குப்பத்தில் பிறந்த ஒரு வெளியூர்ப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்குக் கட்டி வைத்திருந்தார்.

"எனக்கும் சொல்லு," என்றான் ஜகபர், தரையிலிருந்தே. "தொட்டித் தண்ணி விடியறவரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது. எப்ப மோட்டாரைப் போடலாம்?"

ரிஸ்வானா மடிக்கணினியை மடியில் வைத்தாள். மாலையில் கடந்துபோன செயற்கைக்கோளின் படம் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. அது வந்தால் பச்சை நாக்கு எங்கே ஓய்கிறது என்று சொல்லிவிடலாம். எல்லாரும் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

படம் வந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் தாண்டி வரைக்கும் முழுக்க மேகம். ஒரு கட்டத்தில்கூடக் கடல் இல்லை.

மேற்கே இடி உறுமியது.

"என்னா பாப்பா? சொல்லு," என்றார் ராஜாங்கம்.

ரிஸ்வானா மடிக்கணினியை மூடினாள். எழுந்தாள்.

"மேலேர்ந்து தெரியலண்ணே. கடல்ல எறங்கித்தான் அளக்கணும். பிரவீன், மீட்டர்ல சார்ஜ் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா..."

"ராஜாங்கம் அண்ணே, தொழிலுக்குத்தானே கட்டுப்பாடு? அளக்கறதுக்கு இல்லயே? உங்க போட்டைத் தள்ளுங்க. கரைய ஒட்டித் தெற்கேர்ந்து வடக்கே ஒரு ஓட்டம். அளந்த எண்ணை உள்ள குடுத்தா மேகம் மறைச்சத மாடல் தேடிக் கண்டுபிடிக்கும்."

ராஜாங்கம் மேற்கு வானத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கடைசியில் பல்கீஸ் பீவியைப் பார்த்தார். அனுமதி தரவேண்டியது அவள்தான் என்பது போல.

ஜகபர் பதறி எழுந்தான். "அம்மா, வேணாம்னு சொல்லுங்க! இடி இடிக்குது, பொம்பளப் புள்ள கடலுக்கா?"

பல்கீஸ் பீவி மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"செருப்ப இங்கயே கழட்டி வெச்சிட்டுப் போ," என்றாள். "போட்டுல வழுக்கும்."